நான் சாட்சி சொன்ன வெள்ளிக்கிழமை

ஓமானில், ரூவியில் நாம் வளர்ந்த நான்கு மாடிக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்று படம் அனுப்பியிருந்தீர்கள். இரண்டு நாட்களாக நம் குழுவில் நினைவுகள் கொட்டிக்கொண்டிருக்கின்றன. பால்பவுடர் டின்னுக்குள் புதைந்து கிடக்கும் பிளாஸ்டிக் கரண்டியை ஒருவர் எழுதினார். தண்ணீர் லாரி வரும் நாளில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பும் ஓசையை இன்னொருவர் எழுதினார். கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து ஊருக்கு அனுப்பிய கேசட்டுகளும், ஜன்னல் ஏ.சி.யின் கீழே வைத்த வாளியும் வந்துவிட்டன. நம் வீடுகளில் வேலை செய்த பெண்களைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: “அவங்க எல்லாம் நம்ம குடும்பத்துல ஒருத்தராத்தான் இருந்தாங்க.” அதற்குப் பலர் கைகூப்பும் படம் போட்டிருந்தீர்கள். நானும் போட்டேன். பிறகு அழித்துவிட்டேன்.

என்னை நீங்கள் அறிவீர்கள். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். குடும்பத்தின் பெயருக்குக் குறை நேரும்படி ஒரு சொல்லும் இதுவரை நான் பேசியதில்லை. பேசியவர்களை மதித்ததும் இல்லை. அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களிலும் கரும்புத் தீவுகளிலும் அடிமைகளாக இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வாறு தாங்கிக்கொண்டார்கள், எசமானர் அறியாமல் எவ்வாறு எதிர்த்து நின்றார்கள் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தினேன். மாணவியர் உதாரணம் கேட்டால் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். என் கண்ணால் கண்டதை ஒருமுறையும் சொன்னதில்லை.

என் தந்தையார் அடிமை வைத்திருந்தவர் அல்லர். ஒப்பந்தம் இருந்தது, அதில் கையெழுத்தும் இருந்தது. ஆனால் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது. நம் நான்கு வீடுகளிலும் அப்படித்தான். நீங்கள் அனைவரும் பள்ளிக்குச் சென்றிருந்த ஐந்து வாரங்கள் நான் அந்தப் பூட்டுக்கு உள்ளே இருந்தேன்.

ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, மார்கழி மாதத்தில், எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. குளுக்கோஸ் தண்ணீரும் மோரும் குழைந்த சோறும்தான் ஆகாரம். தாயார் வங்கியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார், லீவ் கிடைக்கவில்லை. காலை ஏழரைக்குப் பெற்றோர் இருவரும் கிளம்பினார்கள். வெளியே சாவி இருமுறை திரும்பியது. அதுநாள்வரை அந்த ஓசையை நான் படிக்கட்டில் நின்றுதான் கேட்டிருந்தேன். உள்ளிருந்து கேட்கும்போது அது வேறாக இருந்தது.

“அக்கா, நெருப்புப் பிடிச்சா நாம எப்படி வெளிய போறது?”

எங்கள் வீட்டு அக்கா இராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். குளிர்சாதனப் பெட்டிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் இடையே பாய் விரித்துப் படுப்பவர். மோர் கடைந்துகொண்டே சொன்னார்: “உங்கப்பாருக்குப் போன் போட்டு உத்தரவு கேட்டுட்டுத்தான் எரியணும் தாயி. அதுக்கும் வழியில்ல. போனுக்கும்ல பூட்டுப் போட்டுருக்காக.”

தொலைபேசியின் டயலில் மாட்டும் அந்தச் சின்னப் பித்தளைப் பூட்டு உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் அதன் சாவி தந்தையாரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் நம் தந்தையர் எல்லோரும் பணியாற்றிய கம்பெனியின் ஆள்சேர்ப்பு அதிகாரி. தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டுகள் அவர் பொறுப்பு. நம் நான்கு வீட்டுப் பெண்களின் பாஸ்போர்ட்டுகளையும் உங்கள் பெற்றோர் அவரிடமே ஒப்படைத்திருந்தார்கள். அவை எங்கள் படுக்கையறை இரும்பு பீரோவில் இருந்தன. அதை அவர் ஒரு சேவையாகவே கருதினார்.

காலை பத்து மணிக்கு அக்கா கரண்டியை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலைத் திறந்தார். நம் கட்டடத்தின் நடுவே ஆகாயத்தைப் பார்த்துத் திறந்த ஒரு கூண்டு இருந்தது, டக்ட் என்போம். நான்கு மாடிச் சமையலறை ஜன்னல்களும் அதற்குள்தான் திறக்கும். கழிவுநீர்க் குழாய் மேலிருந்து கீழ்வரை ஓடும். எங்கள் நான்காம் மாடியிலிருந்து அக்கா அந்தக் குழாயில் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாம் மாடியிலிருந்து இரண்டு தட்டு. இரண்டாம் மாடியிலிருந்து இரண்டு. சற்றுப் பொறுத்து முதல் மாடியிலிருந்தும் இரண்டு.

“ஹாஜர்!” என்று மூன்றாம் மாடியில் ஒரு குரல் சிரித்தது. அது கடப்பாவிலிருந்து வந்த அக்கா. இங்கு வருமுன் அல் ஐனில் ஓர் அரபு வீட்டில் நான்கு ஆண்டுகள் இருந்தவர். இரண்டாம் மாடியில் கேரளத்துச் சேச்சி. முதல் மாடியில், இன்ஜினியர் அங்கிள் வீட்டில், மட்டக்களப்பிலிருந்து வந்த பெண். பதில் தட்டு வராவிட்டால் அந்த வீட்டில் அடி விழுந்திருக்கிறது என்று பொருள். அதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

பிறகு பேச்சு. வெங்காயம் நறுக்கிக்கொண்டும் பாத்திரம் துலக்கிக்கொண்டும் நான்கு மொழிகளைக் கலந்து பேசிக்கொண்டார்கள். நம் பெற்றோர் எல்லோருக்கும் பட்டப்பெயர் இருந்தது.

“எங்க வீட்டு பீரோ இன்னைக்குப் பவுடர் பூசிக்கிட்டுப் போயிருக்கு. ஆபீசுல யாரோ பெரிய ஆளு வாறாக போல” என்றார் அக்கா.

“பீரோவினு பவுடரோ! துரு பிடிக்காதிருக்கான் ஆவும்” என்றார் சேச்சி.

கட்டடமே சிரித்தது. பீரோ என்றது என் தந்தையாரை என்று விளங்கியபோது என் காது சூடானது. அந்தச் சூட்டை நான் மறக்கவில்லை. பின்னால் செய்ததற்கு அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அது இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

“வாயை அடக்குங்கடி. புள்ள முழிச்சுக்கிட்டு இருக்கா” என்று அக்கா எச்சரித்தார்.

கீழிருந்து ஒரு மெல்லிய குரல்: “அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?”

“பத்து.”

“என்ர மகளுக்கும் பத்து. அவவோட கொஞ்சம் கதைக்கட்டா?”

இப்படித்தான் முதல் மாடிப் பெண்ணை நான் அறிந்தேன், குரலாக. அவர் என்னிடம் கேட்டவை விசித்திரமானவை. எனக்கு எத்தனை பல் விழுந்து முளைத்தது? காலணி அளவு என்ன? தலையை நானே பின்னிக்கொள்வேனா? மகளை விட்டு வந்து இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் சொன்னார்: “மகள், உன்ர உசரத்துக்கு ஒரு நூலை வெட்டி இறக்கி விடு. தோளுக்கு ஒன்டு, இடுப்புக்கு ஒன்டு.” நூல்களைத் துணி உலர்த்தும் கயிற்றில் கட்டிய கூடையில் வைத்து அக்கா இறக்கினார். என் அளவில் தன் பிள்ளைக்குச் சட்டை தைத்தார் அவர்.

அந்த நால்வரிடமும் ஒரு வழக்கம் இருந்தது: ஊரிலிருந்து கடிதம் வந்தால் யாரும் தனியே வாசிக்கக் கூடாது. வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசிப்பது மட்டுமன்று. வாசிக்கத் தெரிந்தவரும் தன் கடிதத்தை எல்லோருக்கும் கேட்கும்படியே வாசிக்க வேண்டும். தமிழ்க் கடிதங்களை முதல் மாடிப் பெண்ணே வாசிப்பார். எங்கள் அக்காவின் தங்கை பிள்ளைக்குக் காது குத்தியதும், மாடு கன்று போட்டதும் அந்தக் குரலில்தான் நான்கு மாடிக்கும் ஏறின.

மார்கழி முடியும் தறுவாயில் அவருக்கே கடிதம் வந்தது. வழக்கப்படி சத்தமாக வாசித்தார். பக்கத்து வீட்டுக்காரி எழுதியிருந்தாள். நலம் விசாரித்தது வரை குரல் சீராக இருந்தது. பிறகும் சீராகவே இருந்தது: அவருடைய தாய் இறந்து நாற்பது நாளாகிறது, பிள்ளை இப்போது தங்களிடம் இருக்கிறது, ஊர் நிலைமை சரியில்லாததால் தை முடியுமுன் தாங்களும் ஊரை விட்டுப் போகிறார்கள், அதற்குள் வந்து பிள்ளையை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இருந்த ‘இப்படிக்கு’ வரை வாசித்துவிட்டு நிறுத்தினார்.

“கொழாயத் தொறங்கடி” என்றார் எங்கள் அக்கா. நான்கு சமையலறைகளிலும் குழாய்கள் முழுவேகத்தில் திறந்தன. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் நான்கு பெண்களும் அழுதார்கள். அக்கா அடுப்பு மேடையில் நெற்றியை வைத்துத் தன் ஊர் ஒப்பாரியைத் தாழ்ந்த குரலில் சொன்னார். பார்த்திராத ஒருத்தியின் பார்த்திராத தாய்க்கு. அன்று மாலை தொட்டியில் தண்ணீரே இல்லை என்று உங்கள் தாயார்களும் என் தாயாரும் படிக்கட்டில் கூடி, வாட்ச்மேன் தண்ணீரைத் திருடி விற்கிறான் என்று முடிவு செய்தார்கள்.

மறுநாள் அந்தப் பெண் தன் பாஸ்போர்ட்டைக் கேட்டார். முதல் மாடி ஆன்ட்டி அப்போது நிறைமாதம். “பிரசவம் ஆகட்டும், பாக்கலாம்” என்றார்களாம். “எனக்குத் தை முடியுமட்டும்தான் இரிக்கு” என்று சொல்லிவிட்டு அவர் வேலையை நிறுத்தினார். துடைப்பத்தைத் தொடவில்லை. அங்கிள் அவரைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினார். பணிந்து வரும்வரை சோறு இல்லை.

சாமான் அறைக்கும் டக்ட் பக்கம் ஒரு சிறிய ஜன்னல் இருந்தது. அங்கிள் அதை மறந்துவிட்டார். பத்து மணிக்குக் கூடை இறங்கும். மேலே எங்கள் வீட்டில் சோறு, மூன்றாம் மாடியில் பருப்பு, இரண்டாம் மாடியில் மீன் துண்டு என்று வழியில் நிரம்பிக்கொண்டே இறங்கும். என் குழைந்த சோற்றில் ஒரு பங்கை நானும் வைத்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற பெருமை இருந்தது.

மூன்றாம் நாள் மாலை முதல் மாடி ஆன்ட்டி எங்கள் வீட்டு சோபாவில் மூச்சு வாங்க உட்கார்ந்து என் தாயாரிடம் சொன்னார்: “மூணு நாளா வெறும் தண்ணி. ஆனா கன்னம் வத்தவே இல்லீங்க. எனக்குப் பயமா இருக்கு. சிலோன்காரங்க மந்திரம் பண்ணுவாங்கன்னு சொல்றது நெசம்தான் போல.”

என் தாயார் அவருக்கு விபூதி மடித்துக் கொடுத்தார். தேநீர்த் தட்டை ஏந்தி நின்ற எங்கள் அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் குழாயில் மூன்று வீட்டுத் தட்டுகளே கேட்டன. அங்கிள் பெல்ட்டை எடுத்திருந்தார். அக்கா நெடுநேரம் ஜன்னலில் நின்றார். பிறகு கீழே குனிந்து சொன்னார்: “இன்னைக்கு யாரும் சோத்தைக் கிண்டாதீக.”

“சரி” என்றது மூன்றாம் மாடி. “ம்” என்றது இரண்டாம் மாடி.

அன்று மதியம் மூன்று வீடுகளிலும் சோறு அடிப்பிடித்தது. மறுநாளும். அதற்கடுத்த நாளும். மதிய உணவுக்கு வீடு வரும் ஆண்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். கருகிய வாடை திரைச்சீலையில் ஏறி, உங்கள் பள்ளிச் சீருடையில்கூட இருந்திருக்கும், நினைவிருக்கிறதா? உங்கள் தாயார்கள் திட்டியபோது பெண்கள் மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “அரிசி அப்படிம்மா.”

அரிசிதான் குற்றவாளி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தீர்மானித்தார்கள். படித்தவர்கள், பொறியாளர்கள், வங்கிக்காரர்கள். மூன்று அடுப்புகளில் ஒரே நாளில் சோறு கருகினால் மூன்று வேலைக்காரிகளும் ஒன்றாக நினைத்திருக்கிறார்கள் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பெண்கள் ஒன்றாக நினைக்கக் கூடியவர்கள் என்பதே அவர்கள் அறியாதது. கீழே மளிகைக்கடை வைத்திருந்த காயல்பட்டினத்து அண்ணனை, நாம் ‘காக்கா’ என்று அழைத்தவரை, மேலே வரவழைத்தார்கள்.

“மேடம், இதே மூட்டைல இருந்துதான் என் வீட்டுலயும் பொங்குது. வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்களேன்” என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் அவர். என் தந்தையார் அவரிடம் இனி எதுவும் வாங்குவதில்லை என்று அறிவித்தார். நான் உண்மையை அறிந்தவளாய் அறை வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வயதில் நான் காத்த ஒரே ரகசியம் அது. அதற்கும் ஒரு குற்றமற்ற மனிதர் விலை கொடுத்தார்.

அந்தப் பெண்ணைப் பத்தாம் நாள் வெளியே விட்டார்கள். இரக்கம் காரணமன்று, பொங்கல் விருந்து வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் கம்பெனிக் குடும்பங்கள் அனைத்துக்கும் விருந்து, கைகள் தேவைப்பட்டன. சிறப்பு விருந்தினர் நம் கஃபீல். அவரை நினைவிருக்கும்: வெள்ளைத் தாடி வைத்த ஓமானிப் பெரியவர், நம் தந்தையர்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் விசா அவர் பெயரில்தான்.

அந்த வாரம் முழுவதும் டக்டில் பாடம் நடந்தது. அரபு தெரிந்த கடப்பா அக்கா சொல்லிக் கொடுத்தார். “சொல்லு: அரீத் ஜவாஸீ.”

“அரீத் ஜவாஸீ.”

“அரீத் அரூஹ் பிலாதீ.”

என் பாஸ்போர்ட் வேண்டும், என் நாட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். முதல் மாடிப் பெண் அதை நூறு முறை சொன்னார். மற்ற மூவரும் கூடவே சொன்னார்கள். நானும் படுக்கையில் முணுமுணுத்தேன்.

“அவரு நல்லவராடி?” என்று கேட்டார் எங்கள் அக்கா.

“நல்லா, கெட்டா, நமக்குத் தெலீது. முதலாளிக்கு முதலாளி. அவ்ளோதான்.”

“காரியம் கெட்டுப்போச்சுன்னா?”

“கெட்டா கெட்டது. அவ பேசும்போது நாம தட்டைக் கீழ வெச்சு, அவ பக்கத்துல நிக்கணும். கதம்.”

“தனியே விடுன்னில்லா” என்றார் சேச்சி.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து விருந்தினர் வந்தார்கள். ஷாமியானா, ஈரான் கம்பளம், சர்க்கரைப் பொங்கல் வாசனை. எனக்குக் கண் வெளுத்துவிட்டிருந்தது. பட்டுப் பாவாடை கட்டிவிட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் பாத்திரங்கள் வைத்த இடத்தில் அந்த நான்கு பெண்களும் ஒன்றாக நின்றதைப் பார்த்தேன். ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் பேசியவர்கள். மேலிருந்து உச்சந்தலையையும், கீழிருந்து கையையும் மட்டுமே கண்டவர்கள். முகத்துக்கு முகம் பார்த்தது அன்றுதான்.

“நீயா? கொரலக் கேட்டு ஆறடி இருப்பேன்னுல்ல நெனச்சேன்!” என்று எங்கள் அக்கா கடப்பா அக்காவின் கன்னத்தைக் கிள்ளினார். சேச்சி முதல் மாடிப் பெண்ணின் சட்டைக் கையை விலக்கி, பெல்ட் பட்ட இடத்தைப் பார்த்து, மீண்டும் மூடினார். அந்தப் பெண் ஒல்லியானவர். என்னைக் கண்டதும் உயரத்தைக் கண்ணால் அளந்தார். அளவு சரிதான் என்பதுபோல் தலையசைத்தார்.

நான் கஃபீல் முன்னே ஆங்கிலக் கவிதை ஒன்று ஒப்பித்தேன். மாஷா அல்லா என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேரீச்சம்பழம் கொடுத்தார். என் தந்தையார் அத்தனை மலர்ந்திருந்து நான் கண்டதில்லை.

பாயசம் வந்தது. முதல் மாடிப் பெண் தட்டைக் கம்பளத்தின் மேல் வைத்தார். எழுந்து போகவில்லை. தாழ்ந்த, தெளிவான குரலில் சொன்னார்: “அரீத் ஜவாஸீ. அரீத் அரூஹ் பிலாதீ.”

கஃபீல் அரபியில் ஏதோ கேட்டார். அந்தப் பெண்ணுக்கு வேறு வார்த்தை தெரியாது. அதையே மீண்டும் சொன்னார். கடப்பா அக்கா வந்து அவர் பக்கத்தில் நின்று அரபியில் விளக்கினார். சேச்சி வந்து நின்றார். எங்கள் அக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்.

இன்ஜினியர் அங்கிள் சிரித்தார். என் தந்தையார் எழுந்து, தாழ்மையான ஆங்கிலத்தில், அந்தப் பெண்ணுக்கு மனநிலை சரியில்லை, குடும்பத்தார் பெரும்பாடு பட்டு வைத்துக் காப்பாற்றுகிறார்கள், மற்ற மூன்று பெண்களையும் அவள் குழப்பிவிட்டாள் என்று சொன்னார்.

கஃபீல் இருபக்கமும் பார்த்தார். “இவர்கள் ஒன்று சொல்கிறார்கள், நீ ஒன்று சொல்கிறாய். நான் யாரைக் கேட்பது?” என்றார். கடப்பா அக்கா அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் முதல் மாடிப் பெண் என்னைச் சுட்டினார்.

“அந்தப் பிள்ளையக் கேளுங்க. அவவுக்கு எல்லாம் தெரியும். சொல்லு மகள்.”

அவர் முகத்தில் கவலை இல்லை. வேலை முடிந்துவிட்டது என்பதுபோல் இருந்தது.

கஃபீல் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், “நீ சொல். நீ சொல்வதை நான் நம்புகிறேன்” என்றார்.

நண்பர்களே, என்னை யாரும் மிரட்டவில்லை. தந்தையாரின் கை என் தோளில் இல்லை. அவர் தொலைவில் நின்றார். பயத்தால் சொன்னேன் என்று எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். அந்தப் பெரியவரின் ஒரு சொல்லில் பீரோ திறக்கும் என்பதும், தை முடியப் பதினைந்து நாளே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அத்தனை குடும்பங்கள் முன்னே என் தந்தையார் பொய்யர் ஆவார் என்பதும் தெரியும்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “அவர் நாள் முழுவதும் சுவரோடு பேசுகிறார், ஐயா. நானே கேட்டிருக்கிறேன். அவருக்குப் பைத்தியம்.”

நல்ல உச்சரிப்பு. பள்ளியில் அதற்காகப் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடப்பா அக்கா மொழிபெயர்க்கவில்லை. கஃபீலின் முகம் இளகியதைக் கண்டு, காரியம் கைகூடிற்று என்று எண்ணி, அந்தப் பெண் எனக்குக் கைகூப்பினார்.

கஃபீல் இரக்கமுள்ளவர். “மிஸ்கீன்”, பாவம், என்றார். மறுநாள் காலையே தம் சொந்தக் காரை அனுப்பினார். சிகிச்சை முழுவதும் தம் பொறுப்பு என்றார். தூதரகத்துக்கு அழைத்துப் போகிறார்கள் என்று நினைத்துத் தைத்த சட்டையைப் பையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண் ஏறினாராம். மனநோய் மருத்துவமனையில் இறக்கினார்கள்.

கடப்பா அக்கா இன்னும் இரண்டு ஆண்டு இருந்தால்தான் வீட்டுக்குக் கூரை போட முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவரை அந்த வாரமே விமானம் ஏற்றினார்கள். போகத் துடித்தவரை வைத்துக்கொண்டார்கள்; இருக்க விரும்பியவரை அனுப்பினார்கள். டக்ட் ஜன்னல்களுக்கு இரும்பு வலை அடிக்கப்பட்டது. அடித்தவர்கள் கம்பெனி கேம்பின் ஆட்கள். எங்கள் அக்காவின் ஊர்ப்பக்கத்துப் பேச்சுப் பேசினார்கள். அக்கா அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்.

நான் பள்ளி திரும்புவதற்கு முந்தின நாள் கேட்டேன்: “அக்கா, என் மேல கோவமா?”

“கோவப்பட நான் யாருங்க? நீங்க முதலாளி வீட்டுப் புள்ளைக” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இருந்த மூன்று ஆண்டுகளும் எனக்குத் தலை வாரினார், சோறு போட்டார், காய்ச்சலில் விழித்திருந்தார். தாயி என்று ஒருமுறையும் அழைக்கவில்லை. ‘நீங்க’ என்பதை ஒருமுறையும் மாற்றவில்லை.

சித்திரைக்கு முன் அந்தப் பெண் குணமாகிவிட்டதாகச் சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். நாமெல்லாம் கேட்டு வளர்ந்தது வேறு கதை. பைத்தியம் முற்றி யாரோ டிரைவரோடு ஓடிப்போனாள் என்று. அவர் ஓடவில்லை. என் தந்தையார் காரில் விமான நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். என்னையும் உடன் அழைத்தார். பின்னிருக்கையில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருந்தில் உடம்பு ஊதியிருந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இரு கைகளும் மடியில் நடுங்கிக்கொண்டே இருந்தன. என்னைத் திரும்பிப் பார்த்தார், அளக்கவில்லை. யாரென்று தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாஸ்போர்ட்டைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. பேனா நிற்கவில்லை. தந்தையார் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.

அந்தப் பெண் உள்ளே போனபின் தந்தையாரின் சட்டைப்பையில் நீல நிற வான்கடிதம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்தப் பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. கேட்டேன்.

“போன மாசம் வந்தது. அவங்க அந்தப் பிள்ளையை யாரோடோ அனுப்பிட்டாங்களாம், எங்கன்னு தெரியல. இப்ப கொடுத்தா இவள் விமானம் ஏற மாட்டாள், ஊரெல்லாம் கூட்டி அழுவாள். போய்த் தெரிஞ்சுக்கட்டும்” என்றார். சொல்லிவிட்டு அதை நான்காகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

அவரைக் கொடியவர் என்று நீங்கள் யாரும் எழுத வேண்டாம். அந்த உரிமை உங்களுக்கு இல்லை. உங்கள் தந்தையர் கொடுத்த பாஸ்போர்ட்டுகளைத்தான் அவர் பூட்டி வைத்தார். ஆனால் அந்தப் பெண் பைத்தியமில்லை. அதை முதலில் சொன்ன வாய் அவருடையது. நிலைக்கச் செய்த வாய் என்னுடையது. அந்தப் பெண்ணின் மகள் இருந்தால் இப்போது நம் வயது.

திரும்பும் வழியில் தந்தையார் மத்ரா கடற்கரையில் காரை நிறுத்தினார். எழுந்து முன்னால் வரச் சொன்னார். அதுவரை முன்னிருக்கை தாயாருக்கு மட்டுமே உரியது. “அன்னிக்கு நீ என் மானத்தைக் காப்பாத்தினேம்மா. எந்த மகனும் செய்ய மாட்டான்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த நாளின் நினைவில் வெட்கத்தைப் பலமுறை தேடியிருக்கிறேன். கிடைத்ததில்லை. முன்னிருக்கையில் கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கடல்காற்று முகத்தில் அடிக்க வீடு வந்தேன். அந்த வயதில் அதைவிட மகிழ்ச்சியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.